பேரீச்சம்பழத்துக்குப் போடக் கூடாத இரும்பு



அறிவியல் பக்கத்துக்கு இந்த மாதம் என் முறை. மூன்று சார்ட் வேண்டும் என்று கேட்டேன். தமிழ் ஐயா ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அதனால் படித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டால் என்மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள், தாள் எங்கேயும் போகாது.

எங்க அப்பா காயலான் கடை வைத்திருக்கிறார் என்பது என் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். (அதை வைத்து எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அது இங்கே வேண்டாம்.) சைக்கிளில் தெருத் தெருவாகப் போய், "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவுகிறவர்கள் சாயங்காலம் சரக்கைக் கொண்டுவந்து போடுவது எங்கள் கடை மாதிரிக் கடைகளில்தான். அப்பா அதைப் பிரித்து, எடை போட்டு, லோடு சேர்ந்ததும் லாரியில் ஏற்றி அனுப்புவார். பித்தளை ஒரு பக்கம் போகும், இரும்பு உருக்காலைக்குப் போகும். லீவு நாட்களில் செம்பையும் பித்தளையையும் பிரித்துப் போடுவது என் வேலை. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்தக் கடைதான். ஆனால் விஷயம் ஆரம்பித்தது ஒரு துறைமுக வாசலில்.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்திருந்தார். தீர்த்தவாரி பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது சொன்னார்:

"மாப்ளே, போன மாசம் ஒரு கூத்து நடந்துச்சு. துறைமுக வாசல்ல ரெண்டு பக்கமும் ஆள் ஒயரத்துக்கு மேல பொட்டி மாதிரி ரெண்டு தூணு நிக்கும். நடுவுல மெதுவாத்தான் போவணும். எத்தனையோ தடவ போயிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல. அன்னிக்கு நான் பாதி தாண்டல, செவப்பு லைட்டு எரிஞ்சு கத்த ஆரம்பிச்சிருச்சு. ஓரங்கட்டுன்னுட்டாங்க. ஒருத்தரு கையில ஒரு மிஷின வச்சிக்கிட்டு வண்டியச் சுத்திச் சுத்தி வர்றாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"என்ன லோடு மாமா?"

"டைல்ஸுடா! பாத்ரூமுல ஒட்டுற டைல்ஸு!"

மூன்று மணி நேரம் கழித்து விட்டுவிட்டார்களாம். கதிர்வீச்சுச் சோதனை என்று மட்டும் சொன்னார்களாம். டைல்ஸில் ஏது கதிர்வீச்சு? அந்தத் தூணுக்குள் என்னதான் இருக்கிறது? மறுநாளே இயற்பியல் சாரிடம் போய் நின்றேன். அவர் சொன்னதையும், அவர் கொடுத்த புத்தகங்களில் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்தத் தூண் தன் உடம்புக்குள் எதையோ பாய்ச்சிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை. அந்தத் தூண் எதையும் வீசுவதே இல்லை. சும்மா நின்று காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். வண்டிக்குள்ளிருந்து தானாக வெளியே வருவதை எண்ணுகிறது.

எப்படி எண்ணும்? எங்கள் கடைக்குத் தகரக் கூரை. ஐப்பசியில் தூறல் விழும்போது டொக், டொக் என்று தனித்தனியாகக் கேட்கும். மழை வலுத்தால் சடசடவென்று கேட்கும். வெளியே எட்டிப் பார்க்காமலே எவ்வளவு மழை என்று சொல்லிவிடலாம். தூணுக்குள் இருப்பதும் ஒருவகைக் கூரைதான். சிண்டிலேட்டர் என்கிற தடித்த பிளாஸ்டிக் பலகை அது. காமா கதிர் ஒன்று வந்து மோதினால், அந்தப் பலகைக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு சின்ன ஒளி மின்னி மறையும். பலகையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒளிப்பெருக்கிக் குழல் அந்த மின்னலைப் பிடித்து மின்துடிப்பாக மாற்றும். ஒரு துடிப்புக்கு ஒரு எண். ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்று கணினி எண்ணிக்கொண்டே இருக்கும்.

வண்டியே வராவிட்டாலும் அது எண்ணிக்கொண்டுதான் இருக்கும். ஏனென்றால் கதிர்வீச்சு இல்லாத இடம் உலகத்தில் கிடையாது. மண்ணில் யுரேனியமும் தோரியமும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது. வானத்திலிருந்து காஸ்மிக் கதிர் வருகிறது. இதற்குப் பின்னணிக் கதிர்வீச்சு என்று பெயர். இது எப்போதும் பெய்துகொண்டிருக்கும் தூறல்.

இப்போது ஒரு கணக்கு. (பதினொன்றாம் வகுப்பு நண்பர்கள் ஓடிவிட வேண்டாம், சின்னக் கணக்குதான்.) தூண் சராசரியாக நொடிக்கு 400 எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நொடியும் சரியாக 400 வராது. ஒரு நொடியில் 385 வரும், அடுத்த நொடியில் 417 வரும். இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு ஒரு விதி உண்டு: சராசரியின் வர்க்கமூலம். 400-க்கு வர்க்கமூலம் 20. ஆகவே 20 கூடினால் குறைந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அந்த 20-ஐப் போல 5 மடங்கு, அதாவது 100 கூடி, எண்ணிக்கை 500-ஐத் தாண்டினால்? அது தற்செயலாக நடக்கத் தோராயமாக 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு. அப்போது உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எந்த எண்ணில் மணியடிக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் பெரிய தலைவலி. கோட்டைக் கீழே வைத்தால் நாள் முழுக்க மணியடித்து வாசலில் லாரிகள் தேங்கிவிடும். மேலே வைத்தால் உண்மையான சரக்கே நழுவிப் போய்விடும்.

வண்டி ஏன் மெதுவாகப் போக வேண்டும் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எவ்வளவு நேரம் தூணுக்கு நடுவில் இருக்கிறதோ அவ்வளவு நிறைய எண்ண முடியும். நிறைய எண்ணினால்தான் தூறலையும் மழையையும் பிரிக்க முடியும். மணிக்கு 8 கிலோமீட்டர் மாதிரி வேகத்தில்தான் விடுகிறார்கள். நம்ம ஊர் சைக்கிளைவிட மெது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அடுத்தது. வெறும் லாரி ஒன்று தூணுக்கு நடுவே வந்தால் எண்ணிக்கை அப்படியே இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? குறையும்! லாரியே ஒரு குடை மாதிரி. தரையிலிருந்து வரும் தூறலை அதன் இரும்பும் சரக்கும் மறைத்துவிடும். அதனால் 400 என்பது 350-க்குக்கூட இறங்கலாம். அப்படி இறங்கிய நேரத்தில் உள்ளே ஒரு சின்ன மூலம் இருந்து 60 கூட்டினால், மொத்தம் 410. பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். எனவே எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை எண்ணிக்கை எந்த உருவத்தில் ஏறி இறங்கியது என்பதையும் கணினி பார்க்க வேண்டும். சரக்கு முழுவதும் கொஞ்சம் கொஞ்சம் கதிர் இருந்தால் அது மேடு மாதிரி அகலமாக வரும். ஒரே இடத்தில் ஒளிந்திருந்தால் கோபுரம் மாதிரி கூர்மையாக வரும்.

மாமாவின் டைல்ஸ் மேடு மாதிரி வந்திருக்கும். டைல்ஸின் பளபளப்புக்கு சிர்கான் என்ற கனிமம் சேர்க்கிறார்கள். கடற்கரை மணலிலிருந்து எடுப்பது. அதோடு யுரேனியமும் தோரியமும் துளித்துளியாக ஒட்டிக்கொண்டு வரும். வீட்டில் ஒட்டினால் ஒரு பயமும் இல்லை. ஆனால் கன்டெய்னர் நிறைய அடுக்கினால் தூணுக்குக் கேட்டுவிடும். கிரானைட் கற்களும் அப்படித்தான்.

நம்ம ஊர்ச் சரக்கு ஒன்றும் கத்தும். என்னவென்று யோசியுங்கள்... பொட்டாஷ் உரம்! உலகத்தில் எங்கே பொட்டாசியம் எடுத்தாலும் அதில் 10,000 அணுவுக்கு 1 அணு என்ற கணக்கை ஒட்டி பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு இருக்கும். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு 31 அணுக்கள் சிதைகின்றன. குறுவைக்கும் சம்பாவுக்கும் வாங்குகிறோமே, அந்த 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் ஏறக்குறைய 25 கிலோ பொட்டாசியம். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு ஏழரை லட்சத்துக்கும் மேல். இதில் பத்தில் ஒரு பங்குதான் காமா கதிராக வெளியே வரும், மற்றது பெரும்பாலும் மூட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். நமக்குப் பொட்டாஷ் வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வருகிறது. ஒரு லாரி நிறைய அடுக்கிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டினால் தூண் சும்மா இருக்குமா?

வாழைப்பழத்திலும் பொட்டாசியம் உண்டு. ஒரு பழத்தில் நொடிக்குப் பத்துப் பதினைந்து. நம் உடம்பிலும் உண்டு. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் உடம்பில் இந்த நொடியில் மூவாயிரம், நாலாயிரம் பொட்டாசியம் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. (பக்கத்தில் நிற்கிறவனைத் தள்ளிவிட வேண்டாம். உயிர் தோன்றிய நாளிலிருந்து இப்படித்தான்.) முன்பெல்லாம் சாமி புறப்பாட்டுக்குத் தலையில் தூக்கிவருவார்களே பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதன் மேன்டிலில் தோரியம் சேர்த்திருப்பார்கள். அது அவ்வளவு வெள்ளையாக எரிந்ததற்குக் காரணமே அதுதான். தைராய்டு நோய்க்கு அயோடின்-131 மருந்து சாப்பிட்டவர் வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் சில நாட்களுக்குத் தூண் மணியடிக்கும்.

அப்படியானால் வாசலில் நிற்கும் அதிகாரி எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? அதற்குத்தான் மாமா சொன்ன அந்தக் கை மிஷின். தூண் எத்தனை துளி என்று மட்டும் எண்ணும். கை மிஷின் ஒவ்வொரு துளியும் எவ்வளவு வேகமாக அடித்தது என்றும் அளக்கும். அதாவது காமா கதிரின் ஆற்றலை அளக்கும். ஒவ்வொரு கதிரியக்கப் பொருளுக்கும் சொந்தமாக ஒரு ஸ்வரம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம்-40 என்றால் 1460 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சீசியம்-137 என்றால் 662. கோபால்ட்-60 மட்டும் ஒத்து வைத்துக்கொண்டு இரண்டாக வரும்: 1173, 1332. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நாயனம் எது, தவில் எது என்று நமக்குத் தெரிகிறதல்லவா? அந்த மாதிரி மூட்டையைப் பிரிக்காமலே, இது உரம், இது உரமில்லை என்று சொல்லிவிடலாம்.

தூணுக்குள் இன்னொரு பகுதியும் இருக்கும். அது நியூட்ரானுக்கு மட்டும். ஹீலியம்-3 என்ற அபூர்வ வாயுவை அடைத்த குழல்களை வெகு காலம் இதற்குப் பயன்படுத்தினார்கள். அந்த வாயுவுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு போரான், லித்தியம் வைத்தும் செய்கிறார்கள். உரமும் டைல்ஸும் வாழைப்பழமும் நியூட்ரானை வீசுவதில்லை. புளுட்டோனியம் வீசும். அதனால் நியூட்ரான் மணி அடித்துவிட்டால் அங்கே யாரும் டைல்ஸ் என்று சமாதானம் சொல்ல முடியாது.

சரி, ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடிக் கொண்டுவந்தால் தூணுக்கு எப்படிக் கேட்கும்? இதை நான் சாரிடம் கேட்டபோது, "திருடன் மாதிரி யோசிக்கிறியேடா" என்று சிரித்தார். கேட்பது குறையத்தான் செய்யும். அதனால் பெரிய வாசல்களில் காது மட்டும் போதாது என்று கண்ணும் வைத்திருக்கிறார்கள். அது எக்ஸ்-ரே ஸ்கேனர். தூணைப் போல இல்லாமல் இது உண்மையிலேயே கதிரை வீசும். வண்டியை ஊடுருவிப் படம் எடுக்கும். ஈயம் கனமான உலோகம், எக்ஸ்-ரேயை உள்ளே விடாது. துணி மூட்டைக்கு நடுவில் ஒரு கறுப்புக் கட்டி தெரிந்தால், ஒளித்து வைத்த பெட்டியே காட்டிக் கொடுத்துவிடும். காதுக்கு ஒளித்தால் கண்ணுக்குத் தெரியும்.

இவை இரண்டையும்விடப் பழைய கருவி ஒன்றும் இருக்கிறது. 1999 மே மாதம் பல்கேரியா நாட்டின் ரூஸே எல்லைச் சாவடிக்கு ஒரு கார் வந்தது. ஓட்டி வந்தவரின் நடவடிக்கையும் காகிதங்களும் சுங்க அதிகாரிகளுக்குச் சரியாகப் படவில்லை. சோதித்தார்கள். காற்றடிக்கும் கருவிக்குள் ஈயக் குப்பி, அதற்குள் செறிவூட்டிய யுரேனியம் சில கிராம். அன்றைக்கு அதைப் பிடித்துக் கொடுத்தது எந்தக் கருவியும் இல்லை, அந்த அதிகாரிகளின் சந்தேகம்தான்.

இதையெல்லாம் நான் அப்பாவிடம் உட்கார்ந்து விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடத்துறவன்தான் ஒளிச்சு வைப்பான். தெரியாமலே ஒருத்தன் லாரியில ஏத்திட்டு வந்தா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் உண்மையில் நடந்த பெரிய விபத்துகள் எல்லாம் அப்பா சொன்ன மாதிரி நடந்தவைதான். ஒளித்து வைத்தவர் யாருமில்லை. பழைய இரும்பு என்று நினைத்து ஏற்றியவர்கள்தான்.

மெக்சிகோ நாட்டில் ஹுவாரெஸ் என்ற ஊர். அமெரிக்க எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் இயந்திரம் பயன்படுத்தாமல் பல வருடம் கிடந்தது. 1983 டிசம்பரில் அதைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் காயலான் கடைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே மிளகு அளவுக்கும் சிறியதாகச் சுமார் 6000 கோபால்ட்-60 மணிகள். வழியில் பெட்டி உடைந்து வண்டியிலும் கடையிலும் சிதறியது. மீதி இரும்போடு சேர்ந்து உருக்காலைக்குப் போனது. கோபால்ட் இரும்போடு நன்றாகக் கலந்துவிடும். வீடு கட்டும் கம்பியாகவும், மேசைக் காலாகவும் ஆகி, லாரி லாரியாக எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போனது. அந்த நாளில் எல்லையில் இந்தத் தூண்கள் இல்லை. யாருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்த கதை சினிமாவைவிட மோசம். 1984 ஜனவரி 16 அன்று கம்பி ஏற்றிய ஒரு லாரி வழி தவறி, லாஸ் அலமோஸ் அணு ஆராய்ச்சிக் கூடத்தின் வாசல் பக்கம் போய்விட்டது. உள்ளிருந்து யாரும் எதையும் வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று வைத்திருந்த கருவி, வெளியிலிருந்து வந்த லாரியைப் பார்த்துக் கத்தியது! அந்த டிரைவர் சரியான வழியில் போயிருந்தால் அந்தக் கம்பிகளுக்கு மேலே இன்றைக்கு எத்தனை வீடு நின்றிருக்குமோ. மெக்சிகோவில் ஏற்கெனவே கட்டியிருந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களை இடிக்க வேண்டி வந்தது.

இதே கதை நம் நாட்டுப் பெயரோடும் நடந்திருக்கிறது. 2008 அக்டோபரில் பிரான்ஸ் நாட்டில் லிப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த எஃகு இந்தியாவில் உருக்கியது. விரலால் அழுத்துகிற பொத்தான்! எங்கோ ஒரு காயலான் சரக்கில் கலந்து, உலைக்குள் போய், கப்பலேறி, கடைசியில் வேறு நாட்டுக் கருவி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது எங்க அப்பா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டது. டில்லியில் மாயாபுரி என்று ஒரு பெரிய காயலான் சந்தை இருக்கிறது. 2010 பிப்ரவரியில் டில்லிப் பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையில் கிடந்த பழைய பொருட்களை ஏலம் விட்டது. அதில் 1960களின் கடைசி வாக்கில் கனடாவிலிருந்து வாங்கி, 1985-க்குப் பிறகு யாரும் தொடாத காமா கதிர்ப் பெட்டி ஒன்று. உள்ளே கோபால்ட்-60. அது 5.27 வருடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். 40 வருடத்தில் கிட்டத்தட்ட இருநூறில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். தேய்ந்ததே இப்படிச் செய்தது. கடையில் ஈய உறையை வெட்டிப் பிரித்தார்கள். பளபளவென்று இருந்த ஒரு துண்டை ஒருவர் மணிபர்சில் வைத்துக்கொண்டார். ஏப்ரலில் தோல் கறுத்து, முடி கொட்டி, ஒவ்வொருவராக மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர்கள் சந்தேகப்பட்ட பிறகு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போனது. ஆட்கள் கையில் கருவியோடு கடை கடையாக நடந்து ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுத்தார்கள். ஏழு பேர் பிழைத்தார்கள். ஒருவர் ஏப்ரல் மாதக் கடைசியில் இறந்துபோனார்.

"அந்த ஆளுக்கு என்ன வயசுடா?" என்றார் அப்பா.

"முப்பத்தஞ்சுப்பா."

அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து கடையைச் சாத்தப் போய்விட்டார்.

மாயாபுரிக்கு அந்தப் பெட்டி எந்த நாட்டு எல்லையையும் தாண்டி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊருக்குள்ளேயே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வண்டியில் போனது. இன்றைக்கு வெளிநாட்டுப் பழைய இரும்பு நம் நாட்டுக்குள் வர வேண்டும் என்றால் சென்னை, தூத்துக்குடி போன்ற குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் வர வேண்டும், கதிர்வீச்சு இல்லை என்ற சான்றும் வேண்டும். தூத்துக்குடிச் சரக்கு நிறையப் போய் மாறுகிற கொழும்புத் துறைமுகத்திலும் அமெரிக்க உதவியோடு இந்தத் தூண்களை நிறுத்தினார்கள். தரை வழி எல்லையில் பாகிஸ்தான் பக்கம் அட்டாரி, வங்கதேசம் பக்கம் பெட்ராபோல், அகர்தலா, டாவ்கி, சுதார்கண்டி, நேபாளம் பக்கம் ரக்சௌல், ஜோக்பனி, மியான்மர் பக்கம் மோரே என்று எட்டு இடங்களை இந்தக் கருவி வைக்கத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் சரி. திருவிடைமருதூர் காயலான் கடைக்கு வரும் சைக்கிளுக்கு எந்தத் தூண்? அங்கே இருப்பது எங்க அப்பாவின் இரண்டு கைகளும் ஒரு தராசும்தான்.

இப்போது எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, வழக்கமாகச் சரக்குப் போடும் பெரியவர் ஒருவர் சைக்கிள் கேரியரில் ஒரு உருளையைக் கட்டிக்கொண்டு வந்தார். வெளியூரில் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றை இடித்த இடத்தில் வாங்கியதாம். குடத்தைவிடச் சின்னது, ஆனால் தூக்க முடியவில்லை. அப்பா ஓரத்தைச் சுரண்டிப் பார்த்து, "உள்ள ஈயம்டா" என்றார். ஈயம் என்றால் நல்ல விலை. உளியையும் சம்மட்டியையும் எடுத்துவிட்டார். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். பாதி கிழிந்த மஞ்சள் ஸ்டிக்கர். அதில் மின்விசிறி இறக்கை மாதிரி மூன்று இலையில் ஒன்றரை இலை மிச்சம்.

"அப்பா, அடிக்காதீங்க!" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை, தெருவுக்கே கேட்டதாம்.

அப்பாவுக்குக் கோபம். பெரியவருக்குப் பணம் வேண்டும். நான் எல்லாரையும் தெருவின் அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு சாருக்குப் போன் செய்தேன். அவர் கிட்டே போகவில்லை. தூரத்தில் நின்று போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தார். "எக்ஸ்-ரே டியூப் மாதிரி இருக்குப்பா. அப்படின்னா கரண்ட் கொடுத்தாத்தான் கதிர் வரும், சும்மா கிடந்தா ஒண்ணும் வராது. ஆனா மாதிரி இருக்குங்கிறதை வச்சு நாம முடிவு பண்ணக் கூடாது" என்று சொல்லிக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் வந்து கடையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். இரண்டு நாள் வியாபாரம் இல்லை. தெருவில் என்னென்னவோ பேசினார்கள். மூன்றாம் நாள் ஒருவர் மீட்டரோடு வந்தார். கோயில் மதிலோரம் காட்டிய எண்ணைத்தான் அந்த உருளைக்குப் பக்கத்திலும் மீட்டர் காட்டியது. எக்ஸ்-ரே டியூப்தான். ஒரு ஆபத்தும் இல்லை.

"ரெண்டு நாள் பொழப்பு போச்சு" என்றார் அப்பா. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவரே, "டில்லியில அந்தக் கடைக்காரங்க ரெண்டு நாள் கடையச் சாத்தியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் மோர் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் என்னை ஒரு படம் வரையச் சொன்னார். மூன்று இலைச் சின்னம் நிறையப் பேருக்குப் புரிவதில்லை, பூ என்றோ விசிறி என்றோ நினைத்துவிடுகிறார்கள் என்று சர்வதேச அணுசக்தி முகமை 2007-ல் புதிதாக ஒரு சின்னத்தை வெளியிட்டது. சிவப்பு முக்கோணம். மேலே மூன்று இலை, அதிலிருந்து கதிர்கள் இறங்கும். கீழே மண்டை ஓடு, பக்கத்தில் ஓடும் மனிதன். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். இதை இயந்திரத்தின் வெளியே ஒட்டுவதில்லை, உள்ளே மூலத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். யாராவது கழற்றினால்தான் கண்ணில் படும். அப்படிக் கண்ணில் பட்டால் அதோடு கையை எடுத்துவிட்டு, எல்லாரும் தள்ளிப் போய், 112-க்கோ மாவட்டப் பேரிடர் எண் 1077-க்கோ பேச வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒன்றாகிவிடும். பத்து மடங்கானால் நூறில் ஒன்று. சின்னமே இல்லாவிட்டாலும், அளவுக்கு மீறிக் கனக்கிற மூடிய உருளையோ, தொட்டால் காரணமில்லாமல் சுடுகிற உலோகமோ வந்தால் உடைக்கக் கூடாது.

அந்தப் படம் இப்போது எங்கள் கடையில் தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. சரக்குப் போட வருகிறவர்களிடம் அப்பா அதைக் காட்டி, "இந்த மாதிரி எதையாச்சும் பாத்தா எடுக்காதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க, போன் காசு நான் தர்றேன்" என்கிறார். அந்தப் பெரியவரிடம் மட்டும் எக்ஸ்-ரே டியூப்புக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு அது இன்னும் தெரியாது. இந்தச் சுவர்ப் பக்கம் அம்மா வர மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அதே படத்தை இந்தத் தாளின் கீழேயும் வரைந்திருக்கிறேன். ஓடும் மனிதனின் ஒரு கால் கொஞ்சம் கோணலாகிவிட்டது. சிவப்பு ஸ்கெட்ச் வேறு பாதியில் தீர்ந்துபோனதால் முக்கோணத்தின் ஒரு பக்கம் மட்டும் கிரேயான்.

— பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு